தாலிப் பிச்சை: ஊவாவின் தவக் கதைகளில் பெண்

கதிர்காமத்துத் தலக்கதைகளில் ஒரு தவசி தோற்கும் கதை உண்டு. வடநாட்டிலிருந்து கல்யாணகிரி என்ற துறவி வருகிறார். காட்டில் வேடர் குலப் பெண்ணோடு தங்கிவிட்ட முருகனைத் திரும்ப அழைத்துப்போவதுதான் அவர் வந்த காரியம். அவரை அனுப்பியவள் தெய்வயானை என்று சொல்வாரும் உண்டு. அவர் பன்னிரண்டு ஆண்டு தவம் கிடக்கிறார். வேடச் சிறுவன் ஒருவனும் சிறுமி ஒருத்தியும் கூடமாட நின்று பணிவிடை செய்கிறார்கள். ஒருநாள் களைத்துக் கண்ணயர்ந்தவரைச் சிறுவன் எழுப்பிவிட, கோபம் தலைக்கேறித் துரத்துகிறார். ஓடிய சிறுவன் மாணிக்க கங்கையின் நடுத்திட்டில் முருகனாக நிற்கிறான். முனிவர் கேட்டதை முருகன் கொடுத்தாக வேண்டிய நேரம். அப்போதுதான் வள்ளி முனிவரின் காலில் விழுந்து தாலிப் பிச்சை கேட்கிறாள். அவர் கொடுத்துவிடுகிறார். வந்த காரியத்தைக் கைவிட்டு, பொற்தகட்டில் யந்திரம் எழுதி வழிபாட்டுக்கு வைத்து, அங்கேயே தங்கி, முத்துலிங்கமாக உறைந்துபோகிறார்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாடு பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1924 இல் அச்சான கட்டுரையில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. யாத்திரைக்காரர் வாயில் அது அதற்கு முன்னும் பின்னும் வாழ்ந்தது. பதுளையிலிருந்து பசறை, மொனராகலை, புத்தளை வழியாகக் கதிர்காமம் போன தோட்டத்துச் சனங்கள் வழித்துணைக்குக் கொண்டுபோன கதைகளில் இதுவும் ஒன்று. கதையின் அளவைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுத் தவம், களைப்பு, கோபம், துரத்தல் என்று முனிவருக்கு எல்லாம் விரிவாகக் கிடைக்கிறது. வள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு வேண்டுகோள். ஆனால் கதை திரும்புவது அந்த வேண்டுகோளில்தான். அவள் முனிவரிடம் தத்துவம் பேசவில்லை, வாதாடவில்லை. இரந்து கேட்டாள். இரப்பவளுக்கு இல்லையென்று சொல்லத் தவத்துக்கு வலு இல்லாமல் போயிற்று.

ஞானியரைப் பற்றிய வரலாற்றுப் புனைவு என்ற எழுத்துத் துறை, இப்படி ஒற்றை வரியில் நிற்கும் பெண்ணிடமிருந்தும் முளைத்திருக்கிறது. அது நன்கு தழைத்திருக்கும் இடங்களில் ஒன்று யூத மரபு. ஏறத்தாழ கி.பி. 500 அளவில் உருப்பெற்ற பாபிலோனியத் தல்மூத், யூத அறிஞர்களின் வாதங்களால் நிறைந்த பெருந்தொகுப்பு. அதில் பெண்கள் ஆங்காங்கே எட்டிப் பார்த்து மறைவார்கள். ரவ் ஹிஸ்தா என்ற ஆசானின் மடியில் அவருடைய சின்ன மகள் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இரண்டு மாணவர்கள். இவர்களில் யாரைக் கட்டிக்கொள்வாய் என்று தகப்பன் கேட்க, இருவரையும் என்கிறாள் குழந்தை. பிற்காலத்தில் அவள் ஒருவரை மணந்து, அவர் இறந்தபின் மற்றவரை மணக்கிறாள். இந்தச் சிறு துணுக்கை வைத்துக்கொண்டு அமெரிக்க எழுத்தாளர் மேகி ஆன்டன் 2012 இலும் 2014 இலும் இரண்டு நாவல்கள் எழுதினார். அதற்கு முன்பே, பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷியின் புதல்வியரைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதி முடித்திருந்தார். ராஷிக்கு ஆண் பிள்ளை இல்லை. அத்தனை பெரிய உரைகாரரின் வீட்டில் பெண்கள் எதைப் படித்தார்கள் என்ற கேள்வி ஒரு நாவலாசிரியருக்குப் போதாதா?

அந்த மரபின் பெரும் இணை அக்கிபாவும் அவர் மனைவியும். நாற்பது வயதுவரை எழுத்தறியாத ஆட்டிடையன் அக்கிபா. செல்வந்தர் மகள் அவரை மணந்து, தகப்பனால் ஒதுக்கப்பட்டு, கணவனைப் படிக்க அனுப்பிவிட்டு இருபத்துநான்கு ஆண்டு காத்திருந்தாள். ஆயிரக்கணக்கான மாணாக்கருடன் திரும்பிய அக்கிபா, தன் கல்வியும் அவர்கள் கல்வியும் இவளுடையவை என்று சொன்னதாகக் கதை. பாபிலோனியத் தல்மூதில் இந்தக் கதை வரும் இடங்களில் அவள் இன்னாரின் மகள் மட்டுமே. ராகேல் என்ற பெயர் வேறொரு நூல்வழி வந்தது. இஸ்ரேலிய எழுத்தாளர் யோகி பிராண்டஸ் எபிரேயத்தில் எழுதிய நாவலில் அக்கிபாவின் கதையைச் சொல்பவளே ராகேல். மேயர் என்ற ஞானியின் மனைவி பெரூரியாவின் நிலை இன்னும் கடுமையானது. சட்ட நுட்பங்களில் ஆண்களுக்கு நிகராக வாதிட்டவள் என்று பழைய ஏடுகள் அவளைப் போற்றும். ராஷியின் உரை ஒன்றோ, கணவனே ஒரு மாணவனை ஏவி அவள் கற்பைச் சோதித்ததாகவும், அவள் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் சொல்லி முடிக்கிறது. மில்டன் ஸ்டைன்பெர்க் 1939 இல் வெளியிட்ட நாவலில், சமயத்தை விட்டு விலகிய எலிசா பென் அபூயாவின் கதைக்குள் அவளும் ஒரு பாத்திரமாக நடமாடுகிறாள். அத்துறைக்கு அந்த நாவல் இன்றும் முன்னோடி.

இவர்களில் தாலிப் பிச்சை கேட்டவள் யாருமில்லை. காத்திருந்தவர்கள் உண்டு. ரெகூமி என்ற மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை நோன்பு நாளின் முன்மாலையில் மட்டும் வீடு வருவார். ஓராண்டு படிப்பில் ஆழ்ந்து மறந்துபோனார். வாசலைப் பார்த்திருந்த மனைவியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்த கணத்தில், அங்கே அவர் இருந்த கூரை இடிந்து அவர் இறந்தார். தல்மூத் அறிஞர் ரூத் கல்தரோன் 2013 இல் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் தமது முதல் உரையில் எடுத்து விளக்கியது இந்தக் கதையைத்தான். தவத்தையும் கல்வியையும் பெண்ணின் கண்ணீர் நிறுத்திவிடும் என்ற எண்ணம் அங்கும் இருக்கிறது. கதிர்காமத்தில் அது வாய்திறந்து கேட்கிறது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் சிறிய வேறுபாடு என்று சொல்ல முடியாது.

ஊவாத் தோட்டங்களில் இந்தக் கருவுக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. அது அச்சைவிட ஆட்டத்தில் வாழ்வது. மாசி அமாவாசை கழிந்து வளர்பிறையில் காமன் கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டித் தகனம் நடத்தும் காமன் கூத்து, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்தது. மலையகம் முழுவதிலும் போலவே பசறை, நமுனுகுல, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அது உரியது. கதை எல்லாருக்கும் தெரியும். சிவன் யோகத்தில் அமர்ந்துவிடுகிறான். சூரபத்மனை அழிக்க ஒரு பிள்ளை வேண்டும். பிள்ளை பிறக்கத் தவம் கலைய வேண்டும். தேவர்கள் காமனை ஏவுகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டு போகாதே என்று தடுக்கிறாள். காமன் போகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான்.

கூத்தில் சிவனுக்கு இருக்கும் நேரம் கொஞ்சம். தவசி ஓரிடத்தில் அசையாமல் இருப்பவன். ஆடுவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது? ஆட்டம் முழுக்க ரதியுடையது. தப்புச் சத்தத்தில் லயங்களின் வாசல்தோறும் ஆடி வருவது, கனவைச் சொல்வது, தடுப்பது, எரிந்தபின் சாம்பலைச் சுற்றி அழுவது எல்லாம் அவள் பங்கு. அவளும் கடைசியில் கேட்பது தாலிப் பிச்சைதான். பாதி கிடைக்கிறது. காமன் உயிர்பெறுகிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். பெண்வேடம் கட்டி ஆடியவர்கள் பரம்பரையாக ஆண்களே என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ரதியின் புலம்பலுக்கு மெட்டு வந்தது இழவு வீட்டில் பெண்கள் வைக்கும் ஒப்பாரியிலிருந்து. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு இராக்கண் விழித்துப் பார்க்கும் பெண்கள், தங்கள் பாட்டை ஆண் வாயால் திரும்பக் கேட்கிறார்கள்.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கணக்கு தெரிகிறது. ரதி கணவனை இழந்ததால்தான் முருகன் பிறக்க வழி பிறந்தது. அந்த முருகனின் மனைவி, கணவனை இழக்காமல் இருக்க இன்னொரு தவசியிடம் கையேந்துகிறாள். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனம் நூலின் முற்பகுதியிலும் வள்ளி திருமணம் கடைசியிலும் வரும். நடுவில் பத்தாயிரத்தை எட்டும் பாடல்கள். புராணம் இந்த இரு பெண்களையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாசியில் காமன் கூத்தும் ஆடியில் கதிர்காம யாத்திரையுமாக வாழ்ந்த தோட்டத்து ஆண்டுக் கணக்கு அவர்களைச் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து நிறுத்திவிட்டது. வள்ளியின் பிறப்பிலும் ஒரு முனிவர் இருக்கிறார்: சிவமுனிவரின் பார்வை பட்டு மான் ஈன்ற பிள்ளை அவள். வள்ளிக்கிழங்குக் குழியில் கிடந்தவளை எடுத்து வளர்த்தது வேடர் வீடு. தகப்பன் தவசி திரும்பிப் பார்க்கவே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தால் மேடையில் நிலைபெற்ற வள்ளி, தினைப்புனத்தில் நாரதரோடும் வேலனோடும் எதிர்வாதம் செய்யும் வாயாடி. கதிர்காமத்துக் கதையில் காலில் விழுபவளும் அவள்தான். இந்த இருவரையும் ஒரே பெண்ணாக்கிக் காட்டுவது புனைவு எழுதுபவருக்குக் கடினமான வேலை. எழுதத் தகுந்த வேலையும் அதுவே.

அச்சு இலக்கியத்துக்கு வந்தால், தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கொள்ளப்படும் ‘மோகனாங்கி’யை 1895 இல் வெளியிட்டவர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. நாயக்கர் கால அரசியலும் காதலும் அதன் பொருள். அந்தத் தடத்தில் வந்த தமிழ் வரலாற்றுப் புனைவு பெரும்பாலும் அரண்மனையை விட்டு வெளியே வரவில்லை. சோழ இளவரசர்களுக்கும் குதிரைகளுக்கும் கிடைத்த இடம் தவச்சாலைக்குக் கிடைக்கவில்லை. துறவியர் அந்தக் கதைகளில் ஒற்றர்களாகவும் மாறுவேடக்காரர்களாகவும் வந்துபோவார்கள். ஞானியரின் மனைவியர், வள்ளுவரின் வாசுகியைப் போல, கிணற்றில் தொங்கும் வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவரும் பதிவிரதைகளாகவே நின்றுவிட்டனர். அக்கிபாவின் ராகேலுக்கு இணையான பாத்திரம் வாசுகிதான். ராகேலுக்குக் கிடைத்த சொந்தக் குரல் வாசுகிக்கு அந்த அளவில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

தவசியின் மனைவியைத் தமிழில் முழு மனுஷியாக்கிய எழுத்து புதுமைப்பித்தனுடையது. 1943 இல் வந்த ‘சாப விமோசனம்’ கல் பெண்ணாவதோடு தொடங்குகிறது. கோதமரும் அகலிகையும் மறுபடி குடும்பம் நடத்த முயல்கிறார்கள். அவர் நல்லவர், தம் பங்குக் குற்றத்தை உணர்ந்தவர். ஊர்தான் மறக்கவில்லை. வனவாசம் முடிந்து வந்த சீதை, இராமன் தன்னைத் தீயில் இறங்கி நிரூபிக்கச் சொன்னதை அகலிகையிடம் சொல்கிறாள். தனக்கு விமோசனம் தந்தவனே இப்படிக் கேட்டானா என்று அறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கோதமர் துறவு பூண்டு புறப்படுகிறார். தாலிப் பிச்சையின் மறுபக்கம் இந்தக் கதை. கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தவள் அகலிகை. ரதி அழுகிறாள், வள்ளி காலில் விழுகிறாள், அகலிகை பேச்சை நிறுத்திக்கொள்கிறாள். தமிழ்ச் சிறுகதையில் இதைவிடக் கனமான மௌனம் அதிகம் இல்லை.

இதே எழுத்தாளர்தான் 1935 இல் ‘துன்பக்கேணி’யையும் எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றப்பட்ட மருதி அதன் நாயகி. மலையக வாசகர் அந்தக் கதையைத் தங்கள் வரலாறாகவும் ‘சாப விமோசன’த்தைப் புராணமாகவும் தனித்தனிப் பெட்டியில் போட்டு வைப்பது வழக்கம். இரண்டிலும் எழுத்தாளரின் பார்வை ஒன்றே. ஆண்களின் தருமத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் அகப்பட்ட பெண்ணுக்கு என்ன மிச்சம் என்று பார்க்கும் பார்வை அது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964 இல் வந்து, கண்டிச்சீமைக்கு வந்த குடும்பத்தின் கதையைப் பெண்ணை நடுவில் வைத்துச் சொல்லியது. தவசிகளின் கதை அது இல்லை. ஆனால் பெண்ணின் கோணத்தில் மலையக வரலாற்றைப் புனைவாக்க முடியும் என்பதற்கு அதை முன்னே வைக்கலாம்.

கதிர்காமத்துத் தவசியும் பெண்ணும் ஆங்கில நாவலொன்றில் விநோதமான வழியில் நுழைந்தார்கள். லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்த லெனார்ட் வூல்ஃப், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, 1910 இல் கதிர்காம யாத்திரையை மேற்பார்வையிடக் காட்டுக்குள் அனுப்பப்பட்டார். ஊர் திரும்பி 1913 இல் வெளியிட்ட நாவலில், பேரகம என்று பெயர் மாற்றி அந்தத் தலத்தைக் கொண்டுவந்தார். நோயில் விழுந்த காட்டுக் கிராமத்தான் ஒருவன் பரிகாரம் தேடிக் குடும்பத்தோடு யாத்திரை போகிறான். அங்கே ஒரு சந்நியாசி, மந்திரக்காரனான வைத்தியன் கேட்கும் பெண்ணைக் கொடுத்துவிடத்தான் வேண்டும் என்கிறார். அவனுடைய மகள் ஹின்னிஹாமி கொடுக்கப்படுகிறாள். தலக்கதையில் பெண் கேட்க முனிவர் இரங்குகிறார். நாவலில் முனிவர் சொல்ல பெண் பலியாகிறாள். கதையின் திசையையே வூல்ஃப் திருப்பிவிட்டார் எனலாம். அவர் யாத்திரையில் கண்டது கூட்டம், வறுமை, நோய். வள்ளியின் வெற்றியை நம்ப அவருக்குக் காரணம் இல்லை.  

வரலாற்றுப் புனைவுக்கு ஊவா வைத்திருக்கும் பெரும் பொருள் பாலசுந்தரி. வடநாட்டு அரசர் ஒருவர், பிள்ளை பிறந்தால் கதிர்காமத்தானுக்கே கொடுப்பதாக நேர்ந்துகொண்டு, பிறந்த மகளைப் பரிவாரத்தோடு அனுப்பிவைத்தார் என்பது வழக்கு. துறவியர் மடத்தில் தவப்பெண்ணாக வாழ்ந்தவர் அவர். அவர் அழகைக் கேள்விப்பட்ட கண்டி அரசன் மணம் பேசி ஆள் அனுப்ப, அவர் மறுத்தார். அவன் படையை ஏவ முனைந்த வேளையில் ஆங்கிலேயர் அவனையே பிடித்துக்கொண்டனர் என்று கதை முடியும். இதில் மாறாத தேதிகள் உண்டு. கண்டி 1815 பெப்ரவரியில் வீழ்ந்தது. நாயக்கர் வழிவந்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மெதமகாநுவரவுக்கு அருகே பிடிபட்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். இரண்டே ஆண்டில், 1817 இல், வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி வெடித்தது. நாயக்க வமிசத்தவன் என்று சொல்லிக்கொண்ட துரைசாமி கதிர்காமத்தில் வெளிப்பட்டான். பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் காட்டில் அம்பு பட்டு இறந்தார். இத்தனையும் நடந்த மண்ணில், அரசனுக்கு மாட்டேன் என்று சொன்ன ஒரு பெண் தவசி இருந்தாள். இங்கே பெண் தவசிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, அவளே தவசி. தாலியே வேண்டாம் என்றவள். வள்ளி பிச்சை கேட்டுப் பெற்ற அதே தலத்தில், பாலசுந்தரி அரசன் கொண்டுவந்து நீட்டிய தாலியைத் தள்ளினாள். தேயிலையும் கோப்பியும் வருவதற்கு முந்திய ஊவா அது. தோட்டத்து எழுத்தாளர்களின் கதைகள் கப்பலிலும் மன்னார் நடைபாதையிலும் தொடங்குவதால், அதற்கு முந்திய தமிழ்த் தடங்கள் அவர்கள் பேனாவுக்கு வெளியே நின்றுவிடுவது இயல்பு. பாலசுந்தரி அந்த இடைவெளியைக் கடக்கக்கூடிய பாத்திரம்.

பிற்கால மலையகத்துக்குத் தவசியர் இல்லை, தலைவர்கள் இருந்தார்கள். தோட்டத்துக்குள் வெளியார் நுழையத் தடையிருந்த நாளில் புடவை வியாபாரியாகப் போய் நிலைமை அறிந்த கோ. நடேசய்யர் (1887–1947) அவர்களில் முதன்மையானவர். அவரை ஒரு முனிவர் போலவே போற்றி எழுதும் வழக்கமும் உண்டு. அவர் பக்கத்திலிருந்த மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடிச் சனத்தைச் சேர்த்தார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டு நூலை 1940 இல் தம் பெயரிலேயே வெளியிட்டார். சாரல்நாடனின் ஆய்வுகளால் நடேசய்யரின் வாழ்க்கை ஒழுங்காகத் தொகுக்கப்பட்டது. மீனாட்சியம்மாள் அந்த வாழ்க்கையின் ஓர் அத்தியாயமாகவே வருகிறார். ரவ் ஹிஸ்தாவின் மகளுக்கு ஏட்டில் கிடைத்தது சில வரி. மீனாட்சியம்மாளுக்கு அச்சான பாடல்களும் மேடை ஏறிய நினைவும் இருக்கின்றன. புனைவு எழுத வருபவருக்கு இவ்வளவு பொருள் கிடைப்பது அரிது. ஆனால் இத்தனை அருகில் இருப்பவரைக் கற்பனை செய்யக் கை தயங்கும். பிள்ளைகளும் பேரர்களும் அறிந்த முகங்களைவிட, பதினேழு நூற்றாண்டு தள்ளியிருக்கும் பெண்ணை எழுதுவது எளிது.

கதிர்காமத்தில் இந்தக் கதைகளின் மனிதர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கும் முறை கவனிக்கத்தக்கது. கப்புறாளைமார் வாய்கட்டிப் பூசை செய்யும் பெரிய கோயிலில், திரைக்குப் பின்னே, கல்யாணகிரி எழுதியதாகச் சொல்லப்படும் யந்திரம் இருக்கிறது. தெய்வயானை கோயில் அதன் பக்கத்தில். வள்ளி கோயில் நீண்ட வீதியின் மறுகோடியில். ஆடி விழா இரவுகளில் யந்திரப் பேழை யானைமேல் ஏறி, அந்த வீதியைக் கடந்து வள்ளி வாசலுக்குப் போய்த் திரும்புகிறது. முத்துலிங்கமாகிப்போன முனிவருக்கும் அங்கே ஒரு கோயில் இருக்கிறது.